பாலிஃபீனாலைக் கலப்பதா, பிணைப்பதா, துகளாக்குவதா? தாவரப் புரதப் பால்மத்துக்கு நான்கு வழிகள்

தாவரப் புரதத்தை வைத்து எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாக நிறுத்தப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பாலிஃபீனால் (தேயிலை, பழங்கள் போன்றவற்றில் உள்ள, டானின் உள்ளிட்ட தாவரச் சேர்மங்கள்) பக்கம் வந்து சேருகிறார்கள். பட்டாணிப் புரதம் போட்டுப் பால்மம், அதாவது எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் பரவி நிற்கும் கலவை, செய்தார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு மேலே ஏடு கட்டியது. அல்லது ஏடு கட்டவில்லை, ஆனால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், புரதத்தோடு தேயிலைச் சாறோ டானினோ சேர்த்தால் இரண்டும் சரியாகிவிடும் என்று தெரிகிறது. அப்புறம்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. சும்மா கலந்தால் போதுமா? காரத்தில் வைத்து வேதிப்பிணைப்பு போட வேண்டுமா? நானோ துகளாக்கி, திடத் துகள்களே துளியைச் சுற்றிக் காக்கும் பிக்கரிங் பால்மம் செய்ய வேண்டுமா? இல்லை, பாலிஃபீனாலே தேவையில்லையா?

பெரும்பாலானவர்கள் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள் என்பது என் எண்ணம். ஏடு கட்டுவதும் சிக்கு வாடையும் இரண்டு வெவ்வேறு நோய்கள். முதலாவது துளியின் அளவும் மின்சுமையும் சம்பந்தப்பட்டது. அதைக் கவனிப்பது முக்கியமாகப் புரதத்தின் வேலை. இரண்டாவது ஆக்சிஜனும் இரும்பும் சம்பந்தப்பட்டது. பாலிஃபீனாலின் உண்மையான பலம் அங்கேதான். பெரும்பாலான பாலிஃபீனால்கள் தனியாக எண்ணெய்த் துளியைப் பிடித்து நிறுத்தாது. முதல் நோய்க்கு மட்டும் மருந்து தேடுகிறவர் பாலிஃபீனாலில் செலவழிக்கும் காசு பாதிக்கு மேல் வீண்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி பிஎச், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு. பட்டாணி, சோயா போன்றவற்றின் புரதங்களுக்குச் சமமின் புள்ளி ஏறக்குறைய 4.5. அந்த இடத்தில் புரதத்தின் மேல் நேர்சுமையும் எதிர்சுமையும் சமமாகி, துளிகள் ஒன்றையொன்று தள்ளுவது நின்றுபோகிறது. உங்கள் பொருள் 7-இல் இருக்கிறதா, 3-இல் இருக்கிறதா, அல்லது பால்மத்தைக் கெடுக்கும் 4 முதல் 5.5 வரையிலான இடைவெளியில் இருக்கிறதா என்பதுதான் பாதி விடை. உப்பும் இதே கணக்கில் வரும். கால்சியம் இன்னும் மோசம், ஏனென்றால் இரட்டைச் சுமை கொண்ட அயனி எதிர்சுமைகளை மிகக் குறைந்த அளவிலேயே மறைத்துவிடும்.

இரண்டாவது, பொருள் நீர்த்ததா கெட்டியா. இதை ஒரு சின்னக் கணக்கால் சொன்னால்தான் மனதில் நிற்கும். தண்ணீர் போல் மெலிந்த திரவத்தில் 1 மைக்ரான் விட்டமுள்ள எண்ணெய்த் துளி ஒரு நாளில் சுமார் 4 மில்லிமீட்டர் மேலே ஏறும். வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 0.2 மைக்ரானில் அதே துளி நாளுக்கு 0.15 மில்லிமீட்டர்தான் நகரும். 10 மைக்ரானில் 40 சென்டிமீட்டர், அதாவது ஒரே நாளில் பாட்டிலின் கழுத்துக்கு வந்துவிடும். இந்த 10 மைக்ரானை நினைவில் வையுங்கள், நான்காவது வழியில் திரும்ப வரும்.

மூன்றாவது, எண்ணெய் எது. ஒமேகா 3 நிறைந்த ஆளிவிதை எண்ணெய், மீன் எண்ணெய் என்றால் ஆக்சிஜனேற்றம்தான் முதல் எதிரி. தேங்காய் எண்ணெய் போல் நிறைவுற்ற கொழுப்பு என்றால் பாலிஃபீனாலுக்குச் செய்ய வேலையே அதிகம் இல்லை.

மீதி எல்லாம் நிறம், சுவை, சத்து, லேபிள், கூடுதல் இயந்திரம். இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். பல திட்டங்கள் அங்கேதான் நின்றுபோகின்றன.

## வழி 1: புரதம் மட்டும்

பிஎச் 7-க்கு அருகே, உப்பு குறைவாக, அதிகம் கெடாத எண்ணெயோடு வேலை செய்கிறீர்கள் என்றால் இதுவே போதும். இங்கே பிரச்சினை வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் புரதம் கரையாததுதான். வணிகப் புரதப் பொடிகள் பிரித்தெடுக்கும்போதும் உலர்த்தும்போதும் சூடுபட்டு, பாதிக்கு மேல் கரையாத திரளாக வருவது உண்டு. 2 சதவீதம் போட்டோம் என்று நினைப்போம். துளியைப் போர்த்தக் கிடைத்தது அதில் ஒரு பங்குதான். இரவு முழுக்க ஊற வைப்பது, துளிகளை நுணுக்கும் இயந்திரமான ஹோமோஜெனைசரில் ஒரு சுற்று விடுவது, கரையாததை வடிகட்டுவது ஆகிய மூன்றும் பல சமயம் பாலிஃபீனாலைவிட அதிகம் உதவும்.

எவ்வளவு புரதம் உண்மையில் தேவை? 100 மில்லிலிட்டர் பால்மத்தில் 10 மில்லிலிட்டர் எண்ணெய், துளி 0.5 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். துளிகளின் மொத்தப் பரப்பு 120 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 2 மில்லிகிராம் புரதம் ஒட்டும் என்று கொண்டால் 240 மில்லிகிராம் போதும். நீங்கள் 1 கிராம் போட்டிருந்தால், முக்கால் பங்கு தண்ணீரிலேயே மிதக்கிறது. இந்த எண் அடுத்த வழியைப் புரிந்துகொள்ளவும் தேவை.

மறைந்திருக்கும் செலவு சுவையில் இருக்கிறது. பட்டாணி, சோயா இரண்டிலும் லிப்பாக்சிஜனேஸ் நொதியின் வேலையால் வரும் பச்சை வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வாமையையும் பார்க்க வேண்டும்: சோயா பெரும்பாலான நாடுகளின் கட்டாய அறிவிப்புப் பட்டியலில் இருக்கிறது.

## வழி 2: சும்மா கலப்பது

புரதக் கரைசலில் பாலிஃபீனாலை ஊற்றிக் கலக்குவது, அவ்வளவுதான். ஹைட்ரஜன் பிணைப்பும் நீர்விலக்கு ஈர்ப்பும் சேர்ந்து இரண்டையும் பிடித்து வைக்கும். வாயில் துவர்ப்பு தெரிவதும் இதே செயல்தான். எச்சிலில் உள்ள புரோலின் நிறைந்த புரதங்களை டானின் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பீர் கலங்குவதற்குப் பின்னாலும் இதுதான்.

எனக்குப் பிடித்த வழி இது. மலிவு, திருப்பிச் செய்யக்கூடியது, தவறினால் இழப்பும் சிறியது. ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, விகிதம். பாலிஃபீனால் குறைவாக இருக்கும்போது ஒரு புரத மூலக்கூறின் மேல் ஒட்டி நிற்கும். அளவு மீறினால் ஒரே பாலிஃபீனால் மூலக்கூறு இரண்டு புரதங்களைப் பாலம் போட்டு இணைக்கும். கரைசல் கலங்கி அடியில் படியும். டானிக் அமிலம் போன்ற பெரிய மூலக்கூறுகள் இதைச் சீக்கிரமே செய்யும். மூலக்கூறு எடை சுமார் 1700, பல கைகள் உள்ளவை. தேயிலையில் உள்ள சின்னப் பாலிஃபீனாலான கேட்டெச்சினின் எடை 290தான். அது மெதுவாகப் பிடிக்கும், மெதுவாகவே கெடுக்கும். புரதத்தின் எடையில் இருபதில் ஒரு பங்கு பாலிஃபீனாலில் தொடங்கி மேலே போங்கள், கரைசல் கலங்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

இரண்டாவது, எப்போது சேர்ப்பது. ஹோமோஜெனைசருக்கு முன்பு சேர்த்தால் புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்தே துளியின் மேல் போய் உட்காரும். ஆனால் பெரிய திரளாகிவிட்டால் மெதுவாகத்தான் போய்ச் சேரும், துளியும் பெரிதாகும். பால்மம் செய்த பிறகு சேர்த்தால் துளி சின்னதாகவே இருக்கும். ஆனால் இரண்டு துளிகளுக்கு நடுவே பாலம் விழுந்து திரளும் ஆபத்து உண்டு. சின்ன மூலக்கூறு என்றால் முன்பு சேர்ப்பது, டானிக் அமிலம் என்றால் இரண்டையும் செய்து பார்ப்பது என்று நான் வைத்திருக்கிறேன்.

மேலே சொன்ன முக்கால் பங்கை இப்போது நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் புரதம் பாலிஃபீனாலிலும் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துளியின் மேல் இருந்து காவல் காக்கும் என்று நினைத்துப் போட்டது, பெரும்பாலும் வேறிடத்தில் நிற்கிறது. இது முழு நஷ்டம் இல்லை, ஏனென்றால் எண்ணெயைக் கெடுக்கும் இரும்பு அயனிகளும் தண்ணீர்ப் பக்கம்தான் இருக்கின்றன. அங்கேயே அவற்றைக் கட்டிப்போட்டால் நல்லதுதான். ஆனாலும், புரதத்தைத் தேவைக்கு மேல் போடாமல் இருப்பது பாலிஃபீனாலையும் மிச்சப்படுத்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. சமமின் புள்ளி அருகே இழந்த மின்சுமையைச் சும்மா கலந்த பாலிஃபீனால் மீட்டுத் தராது. சில சமயம் அங்கேதான் பிணைப்பு மிக வலுவாகி, திரள்வதை வேகப்படுத்தும். தேயிலையின் முக்கியப் பாலிஃபீனாலான இஜிசிஜி நடுநிலை பிஎச்சில் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும், கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். அமிலப் பொருளில் அது சமத்தாக இருக்கும். பிஎச் 7-இல் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய பானத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தால், காக்க வந்தவனே திருடனான கதை.

இரும்புச் சத்து சேர்த்த பொருளா? ஒரு முறை எனக்கே நடந்தது. காலையில் வெண்ணிறமாக இருந்த மாதிரி, மாலையில் சாம்பல் கலந்த நீலமாக மாறியிருந்தது. டானினும் இரும்பும் சேர்ந்து பழங்காலத்து எழுதும் மையைச் செய்துவிட்டன. கேலோயில் தொகுதி (டானிக் அமிலத்தில் இருக்கும், இரும்பைப் பிடிக்கும் வேதிப் பகுதி) உள்ள பாலிஃபீனால் எதுவும் இதைச் செய்யும். இன்னொன்று: இரும்பைப் பிடிக்கும் பாலிஃபீனால், சூழல் மாறினால் ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக்கி ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டவும் செய்யும். அளவு கூடக்கூட நல்லது என்ற கணக்கு இங்கே இல்லை.

## வழி 3: சகப்பிணைப்பு போடுவது

கட்டுரைகளில் மிக அழகான வரைபடங்கள் வருவது இதில்தான். புரதத்தையும் பாலிஃபீனாலையும் பிஎச் 9 அளவில், காற்றுப் படும்படி, ஒரு நாள் வரை கலக்குவார்கள். பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றமடைந்து, எளிதில் வினைபுரியும் குயினோனாக மாறும். குயினோன் புரதத்தின் லைசின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகளில் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்; இதுதான் சகப்பிணைப்பு. பிஎச்சை மாற்றினாலும் உப்பு போட்டாலும் பிரியாது.

நன்மைகள் உண்மையானவை. லைசினின் நேர்சுமை குறைவதால் சமமின் புள்ளி கீழே நகரும்; முன்பு 5-இல் திரண்ட பால்மம் இப்போது தாக்குப்பிடிக்கலாம். சூட்டைத் தாங்கும் திறனும் பல சமயம் கூடும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பகுதி துளியின் மேலேயே ஆணி அடித்தது போல் நிற்கும்.

இப்போது செலவு. முதலில் லைசின். பருப்பு வகைப் புரதங்களின் சத்து மதிப்பே அவற்றின் லைசினில் இருக்கிறது. தானியங்களில் குறைவாக உள்ளதை அவை ஈடுகட்டுகின்றன. அதையே பிணைப்புக்குச் செலவழித்துவிட்டு, பாக்கெட்டில் உயர்தரப் புரதம் என்று எழுதுவது சங்கடமான விஷயம். செரிமான நொதியான டிரிப்சின் வெட்டும் இரண்டு இடங்களில் ஒன்று லைசின், ஆகவே செரிமானமும் மெதுவாகலாம்.

அடுத்து நிறம். பழுப்பு கிட்டத்தட்ட நிச்சயம். சூரியகாந்திப் புரதத்தில் இயல்பாகவே குளோரோஜெனிக் அமிலம் இருப்பதால், காரத்தில் வைத்தால் பச்சையாகிவிடும். சாக்லேட் சுவையுள்ள பொருளில் இது கவலையில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய பால் மாற்றுப் பானத்தில் இங்கேயே கதை முடிந்தது. பிஎச் இன்னும் ஏறி, சூடும் சேர்ந்தால் லைசினோஅலனின் என்ற வேண்டாத பொருளும் உருவாகும்.

பிறகு, ஒட்டாமல் மீந்த பாலிஃபீனாலை அகற்ற வேண்டும். ஆய்வகத்தில், சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் இரண்டு நாள் தொங்கவிடுவார்கள். டன் கணக்கில் செய்கிறவர் அதற்கு அல்ட்ராஃபில்ட்ரேஷன் (நுண்சவ்வு வழி வடிகட்டல்) ஏற்பாடு செய்ய வேண்டும், பிறகு மறுபடி உலர்த்த வேண்டும். கட்டுரையில் ஒரே வரியில் முடிந்த வேலை, ஆலையில் தனி அறையும் தனி மின்கட்டணமுமாக வந்து நிற்கும்.

காரத்துக்குப் பதிலாக அஸ்கார்பிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துச் செய்யும் முறை ஒன்று உண்டு, சூடு தேவையில்லை. ஆனால் எஞ்சிய பெராக்சைடு, நாம் காப்பாற்ற நினைத்த அதே எண்ணெயைத் தாக்கும். லாக்கேஸ் நொதி கொண்டு செய்வது மென்மையானது, காரம் வேண்டாம். பிறகு நொதியைச் சூட்டால் நிறுத்த வேண்டும். மூன்றில் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றால் நொதியைத்தான் எடுப்பேன்.

லேபிள் விஷயமும் யோசிக்க வேண்டியது. புரதம், தேயிலைச் சாறு என்று இரண்டு பொருள்களை எழுதுவது ஒன்று. வேதிவினையால் உண்டாக்கிய புதுப் பொருளை உணவில் சேர்ப்பது வேறு. பின்னதற்குப் பல இடங்களில் தனி ஒப்புதல் கேட்பார்கள். திட்டத்தின் முதல் வாரத்திலேயே இதை விசாரித்துவிடுங்கள்.

எப்போது இது சரியான தேர்வு? எண்ணெய் விலை உயர்ந்தது, சீக்கிரம் கெடுவது, பொருள் சமமின் புள்ளி வழியாகப் போக வேண்டும் அல்லது கடும் சூட்டைத் தாங்க வேண்டும், நிறம் பிரச்சினையில்லை, புரதம் சத்துக்காக அல்ல, வேலைக்காக மட்டும் சேர்க்கப்படுகிறது. மீன் எண்ணெயைப் பொடியாக்கி அடைப்பது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பிரச்சினை வெறும் பிஎச் 4.5 மட்டும் என்றால், புரதப் போர்வையின் மேல், பழங்களில் உள்ள கூழ்ப்பொருளான பெக்டின் ஒரு அடுக்கு போடுவது பெரும்பாலும் மலிவாகவே அதைத் தீர்த்துவிடும்.

## வழி 4: துகளாக்குவது

திடத் துகள்கள் துளியைச் சுற்றிச் சுவர் எழுப்புவதை 1903-இல் ராம்ஸ்டெனும் 1907-இல் பிக்கரிங்கும் எழுதினார்கள். பெயர் பின்னவருக்குப் போனது. மக்காச்சோளப் புரதமான சீனை 70, 80 சதவீத ஆல்கஹாலில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினால் 100 நானோமீட்டர் அளவில் துகள்கள் கிடைக்கும். சீன் துகள் தனியாக இருந்தால் தண்ணீரை அளவுக்கு மீறி வெறுக்கும், கூட்டமாகிவிடும். டானின் போர்த்தினால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே சமமாக நிற்கும் குணம் வருகிறது.

நின்றால் நின்றதுதான். 100 நானோமீட்டர் ஆரமுள்ள துகளை இடைப்பரப்பிலிருந்து பிடுங்கி எடுக்க, அறை வெப்பத்தின் அசைவு ஆற்றலைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் தேவைப்படும். சாதாரணப் புரத மூலக்கூறுக்கு அது சில நூறு மடங்குதான்.

ஆனால் துகள் தடிமனாக இருப்பதால் பரப்பைப் போர்த்த நிறைய வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குப் புரதம் 2 மில்லிகிராம் போதும் என்றோம். இந்த அளவுத் துகள் 150 மில்லிகிராம் கேட்கும். 10 சதவீத எண்ணெய்க்கு 1 சதவீதத் துகள் போட்டால் கிடைக்கும் துளி ஏறக்குறைய 10 மைக்ரான். ஆமாம், அதே 10 மைக்ரான். துளிகள் ஒன்றோடு ஒன்று சேராது, ஆனால் மேலே ஏறிவிடும். பிக்கரிங் முறையில் பானம் செய்ய நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கெட்டியான பொருளில் கதை வேறு. எண்ணெய் 74 சதவீதத்தைத் தாண்டினால் துளிகள் ஒன்றையொன்று நெருக்கி, தானாகவே கூழ் போல் நிற்கும். மயோனெஸ் மாதிரியான சாஸ், ரொட்டியில் தடவும் பூச்சு, திடக் கொழுப்புக்கு மாற்று ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி இந்தப் பட்டியலில் இல்லை. ஆல்கஹாலைக் கையாளத் தீத்தடுப்பு ஏற்பாடும் அதை மீட்டெடுக்கும் இயந்திரமும் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால், பட்டாணிப் புரதத்தைச் சூடாக்கிக் கூழாக்கி உடைத்துச் செய்யும் நுண்கூழ்த் துகள்கள் ஆல்கஹால் இல்லாமலே கிடைக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பிஎச் 4 முதல் 5.5 வரை | எண்ணெயைக் காப்பது | நிறமும் சுவையும் | கூடுதல் வேலை |
|---|---|---|---|---|
| புரதம் மட்டும் | தாங்காது | ஓரளவு | பச்சை வாடை | இல்லை |
| கலப்பது | பெரும்பாலும் தாங்காது | நன்று | துவர்ப்பு. இரும்பு இருந்தால் கருநீலம் | மிகக் குறைவு |
| சகப்பிணைப்பு | ஓரளவு தாங்கும் | மிக நன்று | பழுப்பு அல்லது பச்சை | அதிகம் |
| துகள் | துகளைப் பொறுத்தது | நன்று | சீன் என்றால் மஞ்சள் | ஆல்கஹால் மீட்பு |

அட்டவணையில் இல்லாத ஒரு போட்டியாளரையும் சொல்லிவிடுகிறேன். பிஎச் 3 அளவிலான, தெளிவான, நீர்த்த பானம் உங்கள் பொருள் என்றால், குவில்லாஜா மரப்பட்டையின் சப்போனின் சாறு இந்த நான்கையும் பெரும்பாலும் வென்றுவிடும். நுரைக்கும், கசக்கும், ஆனால் மிகக் குறைந்த அளவில் மிகச் சின்னத் துளி தரும். கருவேல் இனத்துப் பிசினான கம் அரபிக் அங்கே பழைய கை. எண்ணெய் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு பிசின் கேட்கும் என்பதுதான் குறை.

## சோதனையில் ஏமாறும் இடங்கள்

பால்மத்தின் நிலைப்புக் குறியீடு என்று கட்டுரைகள் தரும் எண், பெரும்பாலும் செய்து 10 நிமிடம் கழித்துப் பார்த்த கலங்கலிலிருந்து வருவது. ஆறு மாதம் அலமாரியில் இருக்கப்போகும் பொருளைப் பற்றி அது எதையும் சொல்லாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் டிபிபிஎச் சோதனையும் அப்படித்தான். ஆல்கஹால் கரைசலில் நடப்பது, துளியின் தோலில் நடப்பதல்ல.

எவ்வளவு பாலிஃபீனால் பிணைந்தது என்று பார்க்க நிறமாற்றத்தால் அளக்கும் ஃபோலின் முறையைப் பயன்படுத்தினால், புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து நிறம் காட்டும். பாலிஃபீனால் சேர்க்காத அதே புரதத்தை, அதே பிஎச்சில் அதே நேரம் வைத்து, அந்த எண்ணைக் கழிக்காவிட்டால் பிணைப்பு வெற்றி என்று நம்பிவிடுவோம். சிக்கு வாடைக்கு, எண்ணெய் கெடும்போது ஆவியாக வரும் ஹெக்சனாலை மட்டும் அளப்பதிலும் இதே ஆபத்து. புரதமே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் கெடவில்லை போலத் தோன்றும். பெராக்சைடு அளவையும் சேர்த்து, ஒரு நாள் அல்ல, வாரா வாரம் பாருங்கள், ஏனென்றால் அது ஏறிப் பிறகு இறங்கும். இறங்கும் நாளில் மட்டும் அளந்தவர் மகிழ்ந்துபோவார்.

60 டிகிரியில் வைத்து வேகப்படுத்துவதை நான் தவிர்ப்பேன். அந்தச் சூட்டில் புரதமும் பாலிஃபீனாலும் பிடித்திருக்கும் விதமே மாறிவிடலாம். 40 டிகிரியில் நான்கு மாதிரிகளை வரிசையாக வையுங்கள்: புரதம் மட்டும், கலந்தது, கலந்ததில் பாதிப் புரதம், ஒரு முறை பிஎச்சை 4.5-க்கு இறக்கி மீண்டும் ஏற்றியது. மூன்றாவது மாதிரி இரண்டாவதைவிட நன்றாக நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். புரதத்தை அளவுக்கு மீறிப் போட்டிருந்தீர்கள், அவ்வளவுதான். நான்காவது மட்டும் உடைந்து மற்றவை நின்றால், பெக்டினை வாங்கி வையுங்கள். இரண்டாவதிலும் வாடை வந்தால்தான் சகப்பிணைப்பு பற்றிய பேச்சையே எடுக்க வேண்டும்.